மூன்று கட்டம் போட்ட நோட்டு: போலிக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

மும்பை செம்பூரில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டிக்கு, அதாவது வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு, ஆறு வருஷம் செக்ரெட்டரியாக இருந்தேன். 1979-ல் கட்டிய பில்டிங். தரைத்தளமும் நாலு மாடியும், லிஃப்ட் கிடையாது, மொத்தம் 30 வீடு. அதில் பாதி நம் தமிழ்க் குடும்பங்கள். மீட்டிங்கில் யார் என்ன சொன்னார்கள் என்று மினிட்ஸ் எழுதுவது செக்ரெட்டரி வேலை. பில்டிங்கை ஒரு பில்டரிடம் ரீடெவலப்மென்டுக்குக் கொடுத்து, அவர் இடித்துப் புதிதாகக் கட்டித் தரும் வரை வாடகை வீட்டில் இருக்கலாமா என்ற பேச்சு ஆரம்பித்த வருஷம் அந்த வேலை என்னைத் திணறடித்தது. ஒருவர் கால் மணி நேரம் பேசுவார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், கை தட்டுவார்கள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால், அவர் சொன்னது என்ன, எதை வைத்துச் சொன்னார் என்று ஒரு வரி தேறாது.

பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்த என் அப்பாவிடம் போனில் புலம்பினேன். "மணிமேகலையில 29-ஆம் காதையை எடுத்துப் பாரும்மா, உனக்கு வேண்டியது அங்க இருக்கு" என்றார். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணம், அதாவது வாதம் செய்யும் முறை, சொல்லிக் கொடுக்கும் இடம் அது. ஒரு வாதத்துக்கு மூன்று உறுப்பு முக்கியம் என்கிறார். பக்கம் என்பது சொல்ல வந்த முடிவு. ஏது என்பது அதற்கான காரணம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை வருவதால், அடுக்களையைப் போல. அவ்வளவுதான் ஒரு வாதம். அப்புறம் இந்த மூன்றிலும் போலி வரும் என்று வகை வகையாகப் பிரிக்கிறார். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி. தோற்றத்தில் காரணம் மாதிரியே இருக்கும், காரணத்தின் வேலையைச் செய்யாது. அதனால்தான் போலி.

அன்று ராத்திரியே இருநூறு பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். முதல் கட்டத்தில் முடிவு, இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் எடுத்துக்காட்டு. பேசுகிறவர் என்ன வரிசையில் பேசினாலும் நீங்கள் இந்த வரிசையில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் "அதனால்" என்று போட்டு வாய்விட்டுப் படியுங்கள். "புகை வருகிறது, அதனால் நெருப்பு இருக்கிறது." இது நிற்கிறது. நிற்காத வாதத்தில் அந்த "அதனால்" தொண்டையில் இடறும். மனசுக்குள் படித்தால் இடறாது. சத்தமாகப் படித்தால்தான் தெரியும்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். அவர் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். எங்கள் தரைத்தளத்து அண்ணாச்சி, கடை வைத்திருப்பவர், இடிக்கக் கூடாது என்ற கட்சி. ஒரு மீட்டிங்கில் அவர், "பில்டர் எத்தனை வருஷம் வாடகை தருவான்னு எழுத்துல வாங்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் எழுந்து, "அண்ணாச்சிக்குப் புது வீடே வேண்டாமாம், பழைய சுவரைக் கட்டிக்கிட்டு அழணுமாம்" என்று பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் அந்த இல்லாத பேச்சுக்குப் பதில் நடந்தது. சோளக்கொல்லையில் சட்டை மாட்டி நிற்க வைத்த பொம்மையை அடித்துவிட்டு, ஆளை அடித்ததாகச் சொல்லிக்கொள்வது போலத்தான் இது. பிடிப்பது சுலபம். எழுதின வரியைத் திருப்பிப் படித்துக் காட்டி, "அண்ணாச்சி, நீங்க சொன்னது இதுதானே?" என்று கேளுங்கள். அவர் "ஆமா தங்கச்சி" என்றால்தான் அடுத்த ஆள் பேசலாம். இந்த ஒரு பழக்கத்தால் எங்கள் மீட்டிங் பாதி நேரத்தில் முடிய ஆரம்பித்தது.

இப்போது நடுக்கட்டம், காரணம். போலி அதிகமாக ஒளிந்திருப்பது இங்கேதான். அறவண அடிகள் ஏதுப் போலியை மூன்றாகப் பிரிக்கிறார்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். பெயர் மிரட்டுகிறது, சரக்கு எளிமை. எங்கள் நோட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் சொல்கிறேன்.

அசித்தம் என்றால் காரணமே உறுதியாகவில்லை. "இந்த பில்டிங்கைக் கடல் மணல்ல கட்டினாங்க, அதனால தூண் தாங்காது." கடல் மணலில் உப்பு இருக்கும், உப்பு கம்பியை அரிக்கும், அது உண்மை. ஆனால் எங்கள் பில்டிங்கில் போட்டது கடல் மணல்தான் என்று யாருக்குத் தெரியும்? நான் விசாரித்துக்கொண்டே போனேன். அவருக்கு இவர் சொன்னார், இவருக்கு ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட பழைய வாட்ச்மேன் சொன்னார், அத்தோடு நூல் அறுந்துவிட்டது. இங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" குரலை உயர்த்தாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்க வேண்டும்.

அநைகாந்திகம் என்றால் காரணம் உண்மைதான், ஆனால் இரண்டு பக்கமும் போகும். இதைப் பிடிப்பதுதான் கஷ்டம். உண்மையைக் கேட்டதும் நாம் மயங்கிவிடுவோம். அண்ணாச்சி அடிக்கடி சொல்லுவார்: "2005 ஜூலை 26 மழைக்கே அசையாத பில்டிங் இது, இதுக்கு என்ன கேடு?" அந்த நாளை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானது. எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். பில்டிங் நின்றது, மறுக்க முடியாது. ஆனால் அன்றைக்குப் பலமான பில்டிங்கும் நின்றது, பலவீனமான பில்டிங்கும் பெரும்பாலும் நின்றது. இரண்டிலும் காணப்படும் ஒன்றை வைத்து இது எந்த வகை என்று எப்படிச் சொல்வது? கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது ஒருநாள் மழையில் நடப்பதில்லை, வருஷக்கணக்காக மெதுவாக நடப்பது. இந்த வகையைச் சோதிக்க, "இதே காரணம் இருந்தும் முடிவு வேற மாதிரி ஆன இடம் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்டு என்றால் அந்தக் காரணம் மட்டும் போதாது. எதிர்க்கட்சியில் ஒருவர் சுவரில் விரிசலைக் காட்டி, தூண் போய்விட்டது என்றதும் இதே ரகம்தான். மேல்பூச்சு விரிசல் நல்ல பில்டிங்கிலும் வரும்.

விருத்தம் என்றால் சொன்ன காரணம் எதிர் முடிவுக்குப் போகிறது. முன்னாள் கமிட்டி ஆள் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "வருஷா வருஷம் மழைக்கு முன்னால பெயர்ந்த இடமெல்லாம் பூசி பெயின்ட் அடிக்கிறோம், அதனால பில்டிங் நல்லாத்தான் இருக்கு." நோட்டில் எழுதி இரண்டு தடவை படித்தேன். ஒரே இடத்தில் வருஷா வருஷம் பெயர்கிறது என்றால் உள்ளே ஏதோ தொடர்ந்து நடக்கிறது என்றுதானே பொருள்? துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே அது வீங்க வீங்க வெளிப்பூச்சைத் தள்ளும். மேலே பூசுவதால் அது நிற்காது. அவர் நல்லதுக்குச் சாட்சியாகச் சொன்னதே கெட்டதுக்குச் சாட்சியாகிறது.

காரணம்-விளைவு பற்றிப் பேச்சு வரும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இரண்டாம் மாடியில் பாத்ரூம் டைல்ஸ் மாற்றினார்கள், அடுத்த மாதம் கீழ்வீட்டு சீலிங் பெயர்ந்தது, உடனே சண்டை. ஒன்றுக்குப் பின் இன்னொன்று வந்ததால் அதனாலேயே வந்தது என்று ஆகிவிடாது. அதற்காக, சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. செய்ய வேண்டியது என்னவென்றால், காக்கை உட்காராத மரங்களையும் போய்ப் பார்க்க வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை 30 வீட்டிலும் ஏறி இறங்கினேன். மேல்வீட்டில் எந்த வேலையும் நடக்காத நாலு வீட்டிலும் சீலிங் பெயர்ந்திருந்தது. டைல்ஸ் மேல் போட்ட பழி அதோடு ஆட்டம் கண்டது, இரண்டு குடும்பமும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது கட்டம் எடுத்துக்காட்டு. "பக்கத்து ரோட்டுல ஒரு சொசைட்டி பில்டர்கிட்ட கொடுத்துட்டு ஏழு வருஷமா வாடகை வீட்டுல கிடக்குறாங்க. நமக்கும் அதான் கதி." கேட்டதும் வயிறு கலங்கும். நானும் கலங்கினேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்கிறோம். அது பானைக்கு ஏன் சரியாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ, ஒரே நேரம் கொதித்தது. அதனால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் தெரிகிறது. எடுத்துக்காட்டு என்று யாராவது ஒன்றை நீட்டினால், "இது நம்ம பானைச் சோறா?" என்று கேளுங்கள். அந்தச் சொசைட்டிக்காரர்கள் போட்ட ஒப்பந்தம் என்ன, பில்டர் பேங்க் கேரண்டி (அவர் சொன்னபடி செய்யாவிட்டால் பேங்க் பணம் தரும் என்ற உறுதி) கொடுத்திருந்தாரா, நிலத்தில் வழக்கு இருந்ததா என்று போய் விசாரித்தேன். நிலத்திலேயே வில்லங்கம் இருந்திருக்கிறது. எங்களுக்கு அது இல்லை. பானை வேறு. ஆனால் பேங்க் கேரண்டி இல்லாமல் கையெழுத்துப் போட்டதால் அவர்கள் மாட்டிக்கொண்ட பகுதி எங்களுக்கும் பொருந்துகிற பாடம். அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டங்களுக்குள் அடங்காமல் வெளியே நடப்பதும் உண்டு. ஆளைத் தாக்குவதுதான் அதில் அதிகம் நடப்பது, அதிகம் புண்படுத்துவதும் அதுதான். இடிக்க வேண்டும் என்ற கட்சியின் தலைவர் எங்கள் முதல் மாடி மாமா. அவர் மருமகன் ஒரு பில்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். மாமா வாயைத் திறந்தாலே, "உங்களுக்கு என்ன, மருமகன் மூலமா வரவேண்டியது வந்துடும்" என்று யாராவது சொல்லுவார்கள், மாமா முகம் சிவந்து உட்கார்ந்துவிடுவார். இதில் எது நியாயம், எது போலி என்று பிரிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அவர் சொல்லும் விஷயத்தை அவரைத் தவிர வேறு வழியில் சரிபார்க்க முடியுமா என்று பாருங்கள். "அந்த பில்டர் நாணயமானவர், என்னை நம்புங்க" என்று சொன்னால், அங்கே அவர் வார்த்தை மட்டும்தான் ஆதாரம். அப்போது அவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்பது நியாயம், கேட்டே ஆக வேண்டும். "தரைத்தளத்துத் தூண்ல கம்பி வெளியே தெரியுது" என்று சொன்னால், கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே மருமகன் எங்கே வேலை பார்த்தால் என்ன?

கூட்டத்தைக் காட்டிப் பேசுவதிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. "பாதிக்கு மேல கையெழுத்து வந்தாச்சு, இன்னும் என்ன சந்தேகம்?" மகாராஷ்டிராவில் ரீடெவலப்மென்டுக்கு முன்பு 75 சதவீத உறுப்பினர் சம்மதம் வேண்டும் என்று 2009 வழிகாட்டுதலில் இருந்தது. 2019 ஜூலை 4 உத்தரவில் அதைக் குறைந்தது 51 சதவீதம் என்று மாற்றினார்கள். ஆக, முடிவெடுக்கும் அதிகாரம் எண்ணிக்கைக்கு உண்டு. தூணுக்குள் கம்பி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் கையெழுத்து மாற்றாது. "நாம என்ன செய்யணும்" என்ற கேள்விக்குக் கை தூக்கலாம், "என்ன நடந்திருக்கு" என்ற கேள்விக்குக் கை தூக்கிப் பயனில்லை. மீட்டிங்கில் எந்தக் கேள்வி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

"இடம் கொடுத்தா மடம் பிடுங்குவான்" வகைப் பேச்சுக்கு, நடுவில் இருக்கும் படிகளை எண்ணுங்கள். ஒரு வீட்டைக் கல்யாணமாகாத பையன்களுக்கு வாடகைக்கு விட்டால் பில்டிங்கே ஹாஸ்டலாகிவிடும் என்றார் ஒருவர். அடுத்த வீட்டுக்காரர் ஏன் விட வேண்டும், கமிட்டி ஏன் சும்மா இருக்கும் என்று ஒவ்வொரு படியிலும் கேட்டால் இரண்டாம் படியிலேயே பேச்சு நின்றுவிடும்.

இனி, "இரண்டே வழி" என்ற பேச்சு. மாமா கட்சி சொன்னது: "இடிச்சுக் கட்டணும், இல்லாட்டி ஒருநாள் எல்லாரும் புதையணும்." அண்ணாச்சி கட்சி சொன்னது: "ஒண்ணு, இருக்கிறதைக் காப்பாத்தணும், இல்லாட்டி பில்டர்கிட்ட ஏமாறணும்." இரண்டு கதவை மட்டும் காட்டி ஒன்றில் நெருப்பு வைத்துவிட்டால் மனுஷன் இன்னொன்றில்தான் ஓடுவான். மூன்றாவது கதவு உண்டா என்று பார்க்க, அந்தத் துறை தெரிந்தவர்கள் எத்தனை வகையாகப் பிரிக்கிறார்கள் என்று தேடுங்கள். கட்டடம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று பரிசோதிக்கும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டில் மும்பை மாநகராட்சி நாலு வகை வைத்திருக்கிறது. சி1 என்றால் ஆபத்து, காலி செய்து இடிக்க வேண்டும். சி2ஏ என்றால் ஒரு பகுதியைக் காலி செய்து பெரிய பழுது பார்க்க வேண்டும். சி2பி என்றால் ஆட்கள் இருக்கும்போதே பழுது பார்க்கலாம். சி3 என்றால் சில்லறை வேலை. நாங்கள் மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் நடுவில். நடுவில் இரண்டு வகை இருப்பது யார் வாயிலும் வரவில்லை.

30 வருஷம் தாண்டிய பில்டிங்குக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட் செய்ய வேண்டும் என்று சொசைட்டிகளுக்கான மாதிரி பைலாவிலேயே, அதாவது விதிமுறைகளிலேயே, இருக்கிறது. நாங்கள் தள்ளிப் போட்டிருந்தோம். அதில் என் பங்கும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

என் நோட்டில் மாமாவின் வாதம் மட்டும் பதினொன்று இருந்தது. கடல் மணல் அவருடையது. சுவர் விரிசல் அவருடையது. புதைந்து சாவோம் என்பதும் அவருடையது. ஒவ்வொன்றையும் போலி என்று குறித்து வைத்திருந்தேன். பதினொன்றும் விழுந்ததால் அவர் சொன்ன முடிவும் விழுந்துவிட்டது, தூணுக்கு ஒன்றுமில்லை என்று நானே ஒரு "அதனால்" போட்டுக்கொண்டேன். ஆடிட்டுக்கு அவர் கேட்ட இரண்டு தடவையும் அஜெண்டாவில் கடைசியில் போட்டேன், இரண்டு தடவையும் நேரம் போதவில்லை. காரணம் தப்பானால், அந்தக் காரணத்தால் முடிவு நிரூபணமாகவில்லை என்றுதான் அர்த்தம். முடிவு பொய் என்று அர்த்தமில்லை. புகை என்று காட்டினது வெறும் பனியாக இருக்கலாம், மலையில் நெருப்பு அப்போதும் எரிந்துகொண்டிருக்கலாம். போலிகளைப் பிடிக்கப் பழகுகிறவர்களுக்கு வரும் நோய் இது. எனக்கு வந்தது. ஒரு வாதத்தைத் தள்ளினதும் நோட்டின் ஓரத்தில் "முடிவு இன்னும் தெரியாது" என்று எழுதிவிடுங்கள். அந்த மூன்று சொல் அன்றைக்கு என் நோட்டில் இல்லை.

மழை முடிந்து ஆடிட்டர் வந்தார். சின்னப் பெண், இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். அண்ணாச்சி வீட்டு வாசலை ஒட்டிய தூணில் சுத்தியல் மாதிரி ஒரு கருவியை அழுத்தி எண் குறித்தாள். அப்புறம் உளியால் உள்ளங்கை அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, தூசியைத் துடைத்து, ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீர் மாதிரி எதையோ தெளித்தாள். ஃபினாப்தலீன். நல்ல கான்கிரீட் காரத்தன்மையோடு இருக்கும், அதில் பட்டால் ரோஜா நிறமாகும். காற்றில் உள்ள கரியமில வாயு ஊறிக் காரம் போன இடத்தில் நிறமே வராது, அங்கே கம்பிக்குப் பாதுகாப்பு கிடையாது. மாமாவும் அண்ணாச்சியும் நானும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வெளிப்பக்கம் நிறம் வரவில்லை. இன்னும் ஆழமாகக் கொத்தினாள், தெளித்தாள். வரவில்லை. கம்பி தெரியும் வரைக்கும் சாம்பல் நிறமாகவே இருந்தது. கம்பியை உளியால் தட்டினாள், துரு செதில் செதிலாகக் கையில் விழுந்தது.

ரிப்போர்ட்டில் சி2ஏ என்று வந்தது. இடிக்கச் சொல்லவில்லை. ஏழு தூணுக்குப் பெரிய பழுது, அதுவரை கீழே முட்டுக் கொடுக்க வேண்டும், தரைத்தளத்தில் இரண்டு வீடு காலி செய்ய வேண்டும். ஒன்று அண்ணாச்சி வீடு. அவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுல முடிவு எது, காரணம் எதுன்னு எனக்கு நோட்டுல எழுதிக் காட்டு" என்றார். எழுதிக் காட்டினேன். மூன்று கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, சாமான்களைக் கட்ட ஆள் கூப்பிடப் போனார்.

நான் முதல் மாடிக்குப் போனேன். அஜெண்டாவில் இரண்டு தடவை கடைசியில் தள்ளினதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அதை விடும்மா. முட்டு என்னைக்குக் கொடுக்கறா? அது வரைக்கும் அந்தத் தூண் பக்கம் குழந்தைகளை விளையாட விடாதேன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். சொல்லியிருக்கவில்லை. அப்படியே கீழே இறங்கிப் போனேன்.